அப்பா நிறம், அம்மா நிறம்

மஞ்சளுக்குள் நீலம் போக வேண்டும், நீலத்துக்குள் மஞ்சள் போகக் கூடாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிராயிங் மிஸ் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வெளிர் நிறத்தைத் தட்டின் குழியில் தாராளமாக எடுத்துக்கொண்டு, அடர் நிறத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்த்தால், தொடுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பச்சை கிடைக்கும். மாற்றிச் செய்தால் டப்பா மஞ்சளும் தீர்ந்துபோகும், பச்சையும் கண்ணுக்கு அகப்படாது. கறுப்பு டப்பாவை அவள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். சிவப்பு, மஞ்சள், நீலம், கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான் பிள்ளைகளுக்கு. மற்றதையெல்லாம் அவர்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அவள் பாடத்தில் நிறங்கள் ஒரு குடும்பம். மஞ்சள் அம்மா, நீலம் அப்பா, இரண்டுக்கும் பிறந்தது பச்சை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதன்மை நிறம், இரண்டாம் நிலை நிறம் என்றெல்லாம் பலகையில் எழுதிப் போட்டாள். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கொட்டாவி விட்டார்கள். பதறிப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சிவப்பு யார் பக்கம் நிற்கிறதோ அதற்கேற்ப அம்மாவாகவும் இருக்கும், அப்பாவாகவும் இருக்கும். அதில் பிள்ளைகளுக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை. குழப்பமெல்லாம் பழுப்பில்தான். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய ஒரு பெண், பழுப்புக்கு அம்மா அப்பா யார் என்று கேட்டாள். மூன்று நிறமும் சேர்ந்தால்தான் பழுப்பு என்றாள் மிஸ். "அப்போ கூட்டுக் குடும்பம்னு சொல்லுங்க மிஸ்" என்றாள் ரேடியோ, பெரிய மனுஷி மாதிரி. வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் சேராமல் மூன்றாவது வரிசையில் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் குருவி. மிஸ்ஸின் மகள். இந்த வருடம்தான் அம்மாவின் வகுப்புக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் "மிஸ்", வெளியே வந்தால் "அம்மா" என்று இருவருக்கும் ஒப்பந்தம். குருவி அதை அம்மாவை விடக் கறாராகக் கடைப்பிடித்தாள்.

குருவியை அவள் பெறவில்லை. பல வருடம் மருத்துவமனை படியேறி இறங்கிய பிறகு, அவளும் கணவரும் ஒரு காப்பகத்திலிருந்து முறைப்படி தத்தெடுத்துக்கொண்டு வந்த குழந்தை. அந்தக் காப்பகத்தில் இருந்த ஆலோசகர், பேச்சு வருகிற வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வளர்க்கச் சொல்லியிருந்தார். பேச்சு வரட்டும் என்றார் கணவர். பேச்சு வந்தது. பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள் இவள். போனாள். விவரம் தெரியட்டும் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். இப்போது விவரம் தெரிந்துவிட்டது, அதனாலேயே வாய் வரவில்லை.

அவள் பயம் ஒன்றே ஒன்றுதான். குருவி தன்னை விட்டுப் போய்விடுவாள் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை, இந்த வயதில் எங்கே போவாள். சொன்ன மறுநிமிடம் குருவி தலை நிமிர்ந்து, இதுவரை பார்த்திராத ஓர் ஆளைப் பார்ப்பது போலத் தன்னைப் பார்ப்பாளே, அந்த ஒரு பார்வைதான். அதை மனதுக்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். குழந்தை தூங்கும்போதும், தலை வாரிவிடும்போதும், சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் வைத்ததற்குத் திட்டும்போதும் கூட.

முகம் வரைகிற பாடம் வந்தது. பெட்டியில் வருகிற இளஞ்சிவப்புக் கிரேயானைத் தோல் கலர் என்று பிள்ளைகள் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. தோல் கலர் என்று ஒரு கலர் கிடையாது, உங்கள் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாக நிறம் கலந்துகொண்டு வாருங்கள், குடும்பப் படம் வரையலாம் என்றாள். எங்க அம்மாவ எல்லாரும் சிவப்புன்னு சொல்றாங்க, பார்த்தா பழுப்பா இருக்கே என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் பழுப்புதான் என்று சொல்லி, ஆரஞ்சில் ஒரு துளி நீலம் விட்டுக் காட்டினாள். வெள்ளை சேர்க்கச் சேர்க்க ஒரு குழியிலிருந்து பத்து முகம் எழுந்து வந்தது.

அடுத்து நடந்ததை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. ரேடியோ தன் அப்பா குழியிலிருந்து பாதி, அம்மா குழியிலிருந்து பாதி எடுத்துக் கலந்து முழங்கையில் தடவிப் பார்த்தாள்.

"மிஸ், நான் வந்துட்டேன்" என்றாள்.

வகுப்பு முழுக்க அது தீ மாதிரிப் பரவியது. நானும் வந்துட்டேன், நான் பாதிதான் வந்தேன், எங்க அப்பாவ இன்னும் கொஞ்சம் ஊத்தணும் என்று ஒரே இரைச்சல். ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சொல்லிக்கொடுத்ததைத் தாங்களாகவே ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டார்களே என்று. அப்புறம்தான் மூன்றாவது வரிசை ஞாபகம் வந்தது.

குருவி தாளில் திட்டுத் திட்டாக நிறம் வைத்திருந்தாள். அப்பாவின் மாநிறம், அம்மாவின் வெளுப்பு, நடுவில் இரண்டையும் கூட்டியும் குறைத்தும் கலந்த திட்டுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை நல்ல கருநிறம், ஈரத்தில் மினுங்கும். மாநிறத்துக்கும் வெளுப்புக்கும் நடுவில் எங்கே தேடினாலும் அந்தக் கை கிடைக்காது. தேய்த்துத் தேய்த்துத் தாள் ஊறி ஓர் இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. மணி அடித்ததும் அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும் என்பதால் தூரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துதான் அலசுவார்கள். பின்கட்டில் அம்மாவும் மகளும் குந்தி உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தபோது குருவி கேட்டாள்.

"அம்மா, எனக்குள்ள வேற என்ன கலந்தீங்க?"

குழந்தை குற்றம் சாட்டவில்லை. சமையலில் என்ன போட்டாய் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மனிதர்கள் தட்டில் கலக்குகிற சாயம் இல்லை, பெற்ற பிள்ளையே அம்மா அப்பா இருவரையும் விடக் கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையைச் சொல்லும் துணிச்சல்கூட அந்த நேரத்தில் அவளுக்கு வரவில்லை, அதன் பின்னால் மற்றதும் வந்துவிடுமோ என்று. கையில் தயாராக இருந்ததை எடுத்து நீட்டினாள்.

"தாத்தா. உங்க அப்பாவோட அப்பா. அவர் நிறம்தான் உனக்கு."

அது கணவர் எப்போதோ செய்து வைத்த பொய். குழந்தை யார் ஜாடை என்று அக்கம்பக்கத்தில் துருவியபோது, எங்க அப்பா ஜாடை என்று சொல்லிவைத்தார். அவர் அப்பா இவர்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே இறந்துவிட்டவர். கூடத்தில் மாட்டியிருந்த படமோ கறுப்பு வெள்ளை. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்.

குருவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று தாத்தாவைப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். அப்போதாவது அவள் பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் டிராயிங் மிஸ் ஆயிற்றே. கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார், நிறம் மறைந்து அடர்த்தி மட்டும் தெரியும், எது அழுத்தம், எது மெலிசு என்று பிடிபடும் என்று சொல்லிக்கொடுத்தாள். குருவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நெற்றி வெளுப்பாகத் தெரிகிறதே என்றாள். அது வெளிச்சம் பட்ட இடம் என்றாள் அம்மா. பொய்யை வைத்து ஒரு பாடமே நடத்திவிட்டோம் என்பது அவளுக்கு அன்று ராத்திரி சாப்பிடும்போது உறைத்தது. 

கணவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் லென்ஸ் மாதிரித் துடைத்து வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிற சுபாவம். நல்ல வேளை, சமாளித்தாய் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்தாள். குருவிக்கு அத்தை. தத்தெடுத்த விவரம் அவளுக்குத் தெரியும், தாத்தா கதை தெரியாது. குருவி பெரிய சிரத்தையாகக் கலந்து வைத்திருந்த ஒரு திட்டை எடுத்துக்கொண்டு போய், தாத்தா இந்த நிறம்தானே என்று கேட்டாள். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாருடி சொன்னா உனக்கு? எங்க அப்பா எலுமிச்சம்பழ நிறம். வெயில்ல கொஞ்சம் நின்னா காது ரெண்டும் சிவந்து போயிடும்."

சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் இவள் முகத்தை.  ஞாபகப் பிசகில் ஏதோ சொல்லிவிட்டதாகத் தடுமாறினாள். வயசாயிடுச்சு இல்ல என்றாள். ஐம்பதுகூட ஆகாதவள் அவள்.  குருவி, திட்டு வைத்த தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு வீட்டில் கேள்விகள் நின்றன. வகுப்பில் குருவி குடும்பப் படத்தில் வீட்டை வரைந்தாள், ஜன்னல் கம்பிகளை வரைந்தாள், வாசலில் கிடக்கும் செருப்புகளுக்குக்கூட வார் வரைந்தாள். மூன்று முகங்களும் வெறும் வட்டமாகவே கிடந்தன.

கணவர் ஒரு யோசனை சொன்னார். கதை சொல்லுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆரம்பித்தார். குருவியிடம், நீ ஒரு முதல் நிறம், சிவப்பு மஞ்சள் மாதிரி, உன்னை யாரும் எதையும் கலந்து செய்ய முடியாது என்று சொல்லிவிடு, குழந்தை குஷியாகிவிடும் என்றார். கேட்டதும் அவளுக்குப் பிடித்துத்தான் போயிற்று. அழகாக இருந்தது. குளிக்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தாள். எந்த வார்த்தையில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது குருவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பாதி மூடி, சுருக்கி. அம்மாவைப் பார்த்தாள், குனிந்து தன் கையைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

பலகை துடைக்கும் துணி அவள் கையிலேயே இருந்தது. குழந்தைக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். என்ன என்று தெரியாமலே தெரிந்துவிட்டது. இப்போது போய் இன்னொரு கதையைச் சொன்னால், குருவி அதையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கேட்பாள். அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. எதற்கும் ஒரு கதை. பச்சைக்கு ஒரு கதை, பழுப்புக்கு ஒரு கதை, சாப்பிட வைக்க, தூங்க வைக்க. கடையில் யாராவது பொண்ணுக்கு உங்க மூக்கு அப்படியே என்று சொன்னால், மறுக்காமல் சிரித்துக்கொண்டு, அந்தச் சந்தோஷத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாக வைத்துப் பார்த்த நாட்கள் உண்டு. அது தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை.

அன்று சாயங்காலமே சொன்னாள். கணவர் வரும்வரை காத்திருந்து, சமையலறையில், மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தபோது. குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவும் இல்லை. நீ என் வயித்துல பொறக்கல. வேற ஒருத்தங்க உன்னைப் பெத்தாங்க. அவங்களால வளர்க்க முடியல. நீ கைக்குழந்தையா இருந்தப்போ நாங்க போய்க் கேட்டு, கையெழுத்துப் போட்டு, உன்னை எங்க பொண்ணா வாங்கிட்டு வந்தோம். தத்து எடுக்கறதுன்னு அதுக்குப் பேரு. சொல்லி முடிக்க எவ்வளவோ நேரம் ஆகும் என்று எண்ணியிருந்தாள். தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

குருவி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"அவங்க என்ன கலர்?" என்று கேட்டாள் குருவி.

"தெரியாது. நான் அவங்களைப் பார்த்ததில்ல."

அவங்க வீட்டுக்காரர் என்ன கலர் என்று கேட்டாள். அதுவும் தெரியாது. உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டாள். தெரியாது. தெரியாது என்ற சொல்லை அவள் தன் பிள்ளையிடம் இத்தனை தடவை சொன்னதே இல்லை. அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும். மாடி வீட்டு மாமிக்கு? அவங்களுக்கும் தெரியும்.

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

 அடுத்துக் குருவி கேட்டது அதைவிடச் சின்னக் குரலில்.

"தாத்தான்னு ஏன் சொன்னே?"

"பயந்துட்டேன்."

"கண்ணைச் சுருக்கிப் பாருன்னு சொன்னியேம்மா. நான் பார்த்தேனே."

இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அது வரவில்லை. குருவி அந்நிய ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கவில்லை. நன்றாகத் தெரிந்த ஆள் ஏமாற்றினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தாள். இதை அவள் ஒரு தடவைகூட மனதில் ஒத்திகை பார்த்ததில்லை.

அழுகை, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் நாட்கள் போயின. குருவி சாப்பிட்டாள், பாடம் எழுதினாள், குட்டித் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். ஆனால் அம்மா எதைச் சொன்னாலும் ஒரு கணம் நிறுத்திக் கேட்டாள். இன்னைக்கு மழை வரும்போல இருக்கு என்றால், நிஜமாவா. பால் தீர்ந்துடுச்சு என்றால், நிஜமாவா என்று எழுந்து போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். அவள் அதைக் கண்டிக்கவில்லை. கேட்கட்டும், திறந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒருநாள் வேறு என்ன பொய் சொல்லியிருக்கிறாய் என்று நேரடியாகவே கேட்டாள் குருவி. அவள் யோசித்து, மூக்கு விஷயத்தைச் சொன்னாள். குருவி கண்ணாடி முன்னால் போய் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். 

அடுத்த வகுப்பில் மிஸ் பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நிறச் சக்கரத்தைக் கழற்றினாள். அதில் அவளே வட்ட எழுத்தில் அம்மா, அப்பா, குழந்தை என்று எழுதி ஒட்டிய காகிதங்களை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிள்ளைகள் பதறிப்போனார்கள். தான் இத்தனை நாள் சொன்னது சரியில்லை, நிறங்களுக்கு அம்மா அப்பா கிடையாது, எதோடு எது சேர்ந்தால் எது வரும் என்பது மட்டும்தான் உண்மை, மனிதர்கள் அப்படிக் கணக்காக வருவதில்லை என்றாள்.  ரேடியோவுக்கு அது தாங்கவில்லை.

"அப்போ பச்சை அனாதையா மிஸ்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.  மிஸ்ஸால் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்ப முடியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"லூசு. பச்சையத் தனி டப்பாலயே கடையில விக்கிறாங்க" என்றாள் குருவி. "எங்க வீட்லயே இருக்கு."

ஓ, ஆமா இல்ல என்றாள் ரேடியோ. அதோடு விஷயம் முடிந்துபோயிற்று, அவர்களுக்கு. குருவி சொன்னது கோபத்திலா, சலிப்பிலா, வெறுமனே தெரிந்ததைச் சொன்னாளா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இனிமேல் சில விஷயங்கள் தனக்குத் தெரியாமலே இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குருவி தட்டையும் தாளையும் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். திங்கட்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும் என்றாள். தன் முகத்தை முடித்திருந்தாள். யாரிடமிருந்தும் பாதி பாதி எடுக்காமல், மூன்று நிறத்திலிருந்தும் நேராகக் கலந்த நிறம். அவ்வளவு பொருத்தமாக இருந்தது, தாளின்மேல் கையை வைத்தால் கை எங்கே முடிகிறதென்று தெரியாது. அப்பாவும் முடிந்திருந்தார், கண்ணாடியோடு. ஒரு வட்டம்தான் பாக்கி.

"வெளிச்சத்துக்குத் திரும்பி உக்காரு. ஆடாதே."

துணியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குருவி அவளைப் பார்த்தாள். இப்போது கண்ணைச் சுருக்கவில்லை, நன்றாகத் திறந்துதான் பார்த்தாள். நெற்றி, கன்னம், மூக்கின் ஓரம், தாடை என்று நிதானமாக, அதுவரை அந்த முகத்தைப் பார்த்தே இராதவள் போல. வருடக்கணக்காக அவள் பயந்துகொண்டிருந்த அதே பார்வை. வந்தேவிட்டது. எழுந்து போக வேண்டும் போல இருந்தது, ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் போல இருந்தது. நாக்கு நுனிவரை ஒரு கதை வந்தது. விழுங்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். பார்க்கட்டும். மறைக்காமல் இருந்தால்தானே உள்ளபடி பார்ப்பாள்.

குருவி வெள்ளையில் தொட்டாள், மஞ்சளில் தொட்டாள், சிவப்பைக் கொஞ்சம் விட்டாள். தாளின் ஓரத்தில் தடவி, தலையைச் சாய்த்துப் பார்த்து, இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். திரும்பவும் கலந்தாள். பிறகு முன்னால் நகர்ந்து வந்து, நிறம் படாத விரலால் அம்மாவின் கண்ணுக்குக் கீழே லேசாகத் தொட்டாள்.

"இங்க நீலமா இருக்கு" என்றாள். "அழுதியா?"

தூசி விழுந்துடுச்சு, சரியா தூங்கல, வயசாகுது என்று எத்தனையோ இருந்தன சொல்ல.

"ஆமா. அழுதேன்" என்றாள்.

குருவி 'நிஜமாவா' என்று கேட்கவில்லை. தூரிகையைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, நீலத்தில் நுனியை மட்டும் தொட்டு எடுத்தாள்.